ஆப்ஷன்ஸ் ஜன்னல்

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் எடிட் மெனுவுக்கு அடியில் ஆப்ஷன்ஸ் என்று ஒரு வரி இருக்கிறது. அதைச் சொடுக்கினால் ஒரு ஜன்னல் திறக்கும். ஜெனரல், லாங்குவேஜ், வியூவர், டேட்டா, கரன்சி, அவுட்புட், சார்ட்ஸ், பிவட் டேபிள்ஸ் என்று அதன் தலையில் தாவல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தாவலுக்குள்ளும் டிக் அடிக்கச் சின்னப் பெட்டிகள், எண் நிரப்பக் கட்டங்கள், எழுத்துரு தேர்ந்துகொள்ளப் பட்டியல்கள். நான் பார்த்த ஆராய்ச்சி முறையியல் பாடப்புத்தகங்கள் இந்த ஜன்னலைத் தொடுவதில்லை. தரவை உள்ளிடுவது எப்படி என்று ஓர் அத்தியாயம் இருக்கும். சற்று நேரத்தில் டி-சோதனை வந்துவிடும். எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்றால்தான் மாணவர் இங்கே வருகிறார், வந்த வேலை முடிந்ததும் மூடிவிடுகிறார். மற்ற பெட்டிகளில் யாரோ ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருப்பதை அவர் கவனிப்பதில்லை.

கவனித்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எந்தச் சோதனை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த அத்தியாயத்தின் ஒரு பகுதி எழுதப்படாமல் இந்த ஜன்னலுக்குள் கிடக்கிறது.

டேட்டா தாவலை எடுத்துக்கொள்வோம். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தால் எந்த நூற்றாண்டாகக் கொள்வது என்று கேட்கும் ஓர் இடம் அங்கே உண்டு. தொடாமல் விட்டால் மென்பொருள் தானே ஒரு நூறு ஆண்டு வரம்பை அமைத்துக்கொள்கிறது. நடப்பு ஆண்டிலிருந்து 69 ஆண்டு பின்னே தொடங்கி, 30 ஆண்டு முன்னே முடியும் வரம்பு அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரம்பு நகர்கிறது. 2024இல் அது 1955 முதல் 2054 வரை. 2025இல் 1956 முதல் 2055 வரை. மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஒரு பழைய எழுத்துக்கோப்பில் ஒருவரின் பிறந்த தேதி 12/03/55 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் அந்தக் கோப்பைப் படித்தால் அவர் 1955இல் பிறந்தவர். அதே கோப்பை, அதே கணினியில், அதே கட்டளையால் 2025 ஜனவரியில் படித்தால் அவர் 2055இல் பிறக்கப்போகிறவர். வயதைக் கணக்கிட்டால் கழித்தல் குறியோடு முப்பது என்று வரும்.

இதைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள தரவில் பொருந்தாத வயதை எப்படிக் கையாள்கிறோம் என்று யோசியுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் பதிவுப் பிழை என்று விடுபட்ட மதிப்பாக மாற்றுவதுதான் பலருடைய வழக்கம். முதுமை பற்றிய ஆய்வில் அப்படிச் செய்தால் வெளியே போகிறவர்கள் யார்? எழுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும். அந்த ஆய்வு யாருக்காக நடக்கிறதோ அவர்களே. அட்டவணையில் விடுபட்டவை இத்தனை விழுக்காடு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் ஒரு தலைமுறையே இருப்பது தெரியாது.

ஒருமுறை சரியாகப் படித்துவிட்டால் பிறகு கவலையில்லை. உள்ளே எஸ்பிஎஸ்எஸ் தேதியை 1582 அக்டோபர் 14 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளாகச் சேமிக்கிறது. மறுநாளிலிருந்து கிரிகோரிய நாட்காட்டி தொடங்குகிறது என்பதால் அந்தத் தேதி. நொடிகளாக மாறியபின் நூற்றாண்டு நகராது. சிக்கல் வாசலில்தான். அந்த வாசலிலும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வழக்கம். ஆர் மொழியில் இரண்டிலக்க ஆண்டைப் படித்தால் 69 முதல் 99 வரை சென்ற நூற்றாண்டு, 00 முதல் 68 வரை இந்த நூற்றாண்டு. அந்தக் கோடு நகர்வதில்லை, எனவே 60 என்று எழுதியிருக்கும் ஆண்டை இப்போது எஸ்பிஎஸ்எஸ் 1960 என்கிறது, ஆர் 2060 என்கிறது. ஒரே வீட்டின் ஒரே நெல்லை இரண்டு ஊர் மரக்காலால் அளந்து, இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் ஏற்றுவது போன்ற காரியம் இது. மரக்காலாவது கண்ணெதிரே இருந்தது, வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது.

இந்த நூற்றாண்டுக் கேள்வி இருக்கும் அதே தாவலில், புதிதாக உருவாகும் எண் மாறிக்கு எத்தனை தசம இடம் காட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. எட்டு இலக்க அகலம், இரண்டு தசமம் என்று வைத்தே தருகிறார்கள். ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று குறியீடு கொடுத்தவர்கள் திரையில் 1.00, 2.00 என்று பார்ப்பது அதனால்தான். இது வெறும் தோற்றம். உள்ளே இருக்கும் எண் மாறவில்லை. நூற்றாண்டுக் கேள்வியோ கணக்கையே மாற்றுவது. இரண்டையும் ஒரே தாவலில், ஒரே அளவுப் பெட்டிகளில் அருகருகே வைத்திருக்கிறார்கள். எது அலங்காரம், எது கணக்கு என்று ஜன்னல் சொல்வதில்லை.

அப்படிப் பிரித்துக் காட்டியிருந்தால் போதுமா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். போதாது என்றே இப்போது நினைக்கிறேன். தோற்றம் வேறு, கணக்கு வேறு என்ற பிரிவு கணினிக்குப் பொருந்தும். ஆய்வில் கணினிக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு மனிதரின் கண் இருக்கிறது. திரையில் தெரிவதைப் பார்த்துத்தான் அவர் அடுத்து எந்த மாறியைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த அட்டவணையை ஆய்வேட்டில் வைப்பது என்று தீர்மானிக்கிறார்.

நம் ஆய்வேடுகளைப் புரட்டினால் பி-மதிப்பு 0.000 என்று எழுதியிருப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். நிகழ்தகவு ஒருபோதும் முழுப் பூஜ்யமாக வராத சோதனைகளில் அது பூஜ்யம் என்று அச்சாகியிருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் அட்டவணையில் மூன்று தசமம் வரைதான் காட்டப்பட்டது. அந்தக் கட்டத்தை இருமுறை சொடுக்கினால் உண்மையான எண் தெரிந்திருக்கும். இப்போதைய பதிப்புகள் 0.001க்கும் குறைவு என்று காட்டுகின்றன. ஆனால் பழைய பதிப்புகளில் பழகிய கைகள் இன்றும் மூன்று பூஜ்யங்களையே எழுதுகின்றன, வழிகாட்டிகளும் திருத்துவதில்லை. மூன்று தசமம் என்பது யாரோ ஒரு பொறியாளர் அட்டவணையின் அகலம் கருதி எடுத்த முடிவாக இருக்கலாம். அது இங்கே ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் எழுத்தில் ஒரு நம்பிக்கையாகவே படிந்துவிட்டது: பூஜ்யம் வந்தால் முடிவு அசைக்க முடியாதது என்ற நம்பிக்கை.

நட்சத்திரங்கள் இதைவிட அழுத்தமானவை. ஆர் மொழியில் ஒரு பின்னடைவுப் பகுப்பாய்வின் சுருக்கத்தைக் கேட்டால் ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் நட்சத்திரம் விழுகிறது. 0.05க்குக் கீழே ஒன்று, 0.01க்குக் கீழே இரண்டு, 0.001க்குக் கீழே மூன்று. எஸ்பிஎஸ்எஸ் ஒட்டுறவு அட்டவணைக்கும் அப்படியொரு பெட்டி உண்டு, அதில் டிக் முன்கூட்டியே இருக்கும். ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய ஐந்து விழுக்காட்டு வழக்கம், நூறு ஆண்டு கழித்து ஒரு செட்டிங்காக நம் கணினிக்குள் இருக்கிறது. பி-மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்காதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட்டது. அறிக்கையைப் படித்தவர்கள் கண்ணும் நட்சத்திரம் உள்ள வரிக்கே முதலில் போகும். கண்ணின் இயல்பு அப்படி. ஆர் மொழியில் நட்சத்திரங்களை அணைக்க ஒரே வரி போதும். அணைத்துவிட்டு அதே அட்டவணையைப் பார்த்தால் கெழுவின் அளவும் திட்டப் பிழையும் முதல்முறையாகக் கண்ணில் படும். ஒரு கூடுதல் ஆண்டுப் படிப்பு வருமானத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது, நட்சத்திரத்தில் இல்லை.

எண்ணை எழுதும் முறையிலும் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ஆர் திரையில் ஒரு லட்சம் என்ற எண்ணை அச்சிடச் சொன்னால் அது ஒன்றுக்குப் பின் ஒற்றை ரோமன் எழுத்தையும் கூட்டல் குறியையும் போட்டு, பத்தின் ஐந்தாம் அடுக்கு என்று அறிவியல் குறியீட்டில் தரும். 123456 என்ற எண்ணைக் கொடுத்தால் அப்படியே தரும். எந்த வடிவம் குறைந்த இடம் பிடிக்கிறதோ அதையே அது எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் காரணம். சீராக முடிகிற லட்சம் மட்டும் அந்நியமாகத் தெரிய, அதன் பக்கத்து எண் பழக்கமாகத் தெரிகிறது. இதற்கும் ஒரு செட்டிங் உண்டு, பலரும் அதைப் பெரிய எண்ணாக வைத்து அறிவியல் குறியீட்டை ஒதுக்கிவிடுகிறார்கள். எஸ்பிஎஸ்எஸ் கரன்சி தாவலில் ஐந்து விதப் பண வடிவங்களை நாமே அமைத்துக்கொள்ளலாம். ரூபாய் என்று எண்ணுக்கு முன்னால் போட்டுக்கொள்ள முடியும். காற்புள்ளி மட்டும் ஆயிரத்துக்கு ஒன்றாகவே விழும், லட்சத்தில் விழாது. கிராமத்துக் கடன் பற்றிய அட்டவணையை அந்தக் கடனை வாங்கியவர் கையிலேயே கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லும் ஆய்வாளருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஸ்டேட்டா என்ற மூன்றாவது மென்பொருளுக்கு வருகிறேன். பொருளாதாரத் துறைகளிலும் பொதுச் சுகாதாரத் துறைகளிலும் அது அதிகம் புழங்குகிறது. அதன் செட்டிங்குகளை செட் என்று தொடங்கும் கட்டளையாக எழுதலாம். நம்பக இடைவெளி எத்தனை விழுக்காடு என்பது அப்படி ஒரு செட்டிங்: 95 என்று வைத்தே தருகிறார்கள், 10 முதல் 99.99 வரை எதையும் வைத்துக்கொள்ளலாம். என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுவல்ல, செட் டைப் என்ற கட்டளை. புதிய மாறியை உருவாக்கும்போது எந்தச் சேமிப்பு வகையில் வைப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் ஃப்ளோட். நினைவகம் விலையுயர்ந்த பொருளாக இருந்த எண்பதுகளில் பிறந்த மென்பொருளுக்கு அது சிக்கனமான தேர்வு. ஃப்ளோட் வகையில் ஏறக்குறைய ஏழு இலக்கத் துல்லியம்தான் கிடைக்கும். 1,67,77,216ஐத் தாண்டிய முழு எண்கள் எல்லாவற்றையும் அதனால் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாது.

கள ஆய்வில் இதன் பொருள் என்ன? பெரிய மாதிரி ஆய்வுகளில் மாநில எண், மாவட்ட எண், கிராம எண், வீட்டு எண் எல்லாவற்றையும் ஒட்டி ஒரு குடும்ப அடையாள எண் உருவாக்குவார்கள். ஒன்பது இலக்கம் எளிதில் வந்துவிடும். ஸ்டேட்டாவில் அதைச் சாதாரணமாக உருவாக்கினால் 123456789 என்ற வீடு 123456792 ஆகிவிடும். 89 முதல் 95 வரை முடியும் ஏழு வீடுகளும் அதே எண்ணாகும். எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. பிறகு குடும்பவாரியாகச் செலவைக் கூட்டச் சொன்னால் ஏழு அடுப்புகள் ஒரே அடுப்பாகிவிடும். ஒரு குடும்பத்தில் முப்பது பேர் இருப்பார்கள்; தலா வருமானம், நுகர்வு, கடன் எல்லாம் கோணும். செட் டைப் டபுள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இது நடக்காது. வெயிலில் வீடுவீடாக நடந்து, வாசலில் உட்கார்ந்து, அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துவந்த களப்பணியாளரின் உழைப்பு கடைசியில் அந்த ஒரு வரியை நம்பி நிற்கிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மாறியின் பெயரைச் சுருக்கி எழுதினால் புரிந்துகொள்ளும் வசதியும் ஸ்டேட்டாவில் தானாகவே திறந்திருக்கிறது. தட்டச்சு குறையும், உண்மைதான். ஆனால் இன்கம் என்ற மாறியை முன்பே நீக்கிவிட்டதை மறந்து, மீண்டும் அதை நீக்கச் சொன்னால், இன்கம் என்று தொடங்கும் வேறொரு மாறி மட்டும் மீதியிருக்கும் பட்சத்தில், அதை நீக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடும். அந்த வசதியை மூடிவைக்க ஒரு செட்டிங் இருக்கிறது. மூடிவைப்பதே நல்லது.

இதுவரை சொன்னவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. செட்டிங்குகள் எங்கே வசிக்கின்றன என்பது. தரவுக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் மாறிகளின் பெயர்கள் போகும், அவற்றின் விளக்கங்கள் போகும், விடுபட்ட மதிப்புகளின் குறியீடுகள் போகும். ஆப்ஷன்ஸ் ஜன்னல் போகாது. அது கணினியில், அந்தப் பயனரின் கணக்கில் தங்கிவிடுகிறது. ஆர் மொழியில் பலர் தங்கள் விருப்பங்களை எழுதிவைக்கும் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குகிறது. அப்படித் தொடங்கும் கோப்புகளை லினக்ஸ், மேக் கணினிகள் பட்டியலில் காட்டுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோப்பில் இருக்கும் ஒரு வரி, கண்ணுக்குத் தெரியும் நிரலின் பொருளை மாற்றிக்கொண்டிருக்கும்.

ஆர் சமூகம் இந்தப் பாடத்தை நீண்ட காலம் படித்தது. தரவு அட்டவணையைப் படிக்கும்போது எழுத்தாக இருக்கும் நெடுவரிசைகளை ஆர் தானாகவே ஃபேக்டர் என்ற வகைக்கு மாற்றிவந்தது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொண்ணூறுகளில் இந்த மொழியை உருவாக்கிய காலத்துக்கு அது பொருத்தமே. புள்ளியியலாளர் கைக்கு வரும் எழுத்துத் தரவு பெரும்பாலும் ஆண், பெண், நகரம், கிராமம் போன்ற வகைப்பெயராகவே இருந்தது. வகையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் எண்ணாகச் சேமிப்பது அன்றைய கணினிக்கு இதம். ஆனால் வயது என்ற நெடுவரிசையில் யாரோ ஒருவர் ஒரே ஓர் இடத்தில் தெரியாது என்று எழுதியிருந்தால் அந்த நெடுவரிசை முழுவதும் ஃபேக்டராகிவிடும். பிறகு அதை எண்ணாக மாற்றச் சொன்னால் வயது வராது. எத்தனையாவது வகை என்ற வரிசை எண் வரும். 62 வயது 41 ஆகும், 18 வயது 1 ஆகும். எல்லாம் வயதைப் போலவே தெரியும்.

இந்தப் பழக்கத்தை அணைக்க ஒரு பொதுச் செட்டிங்கைத் தந்தார்கள். அதனால் நிலைமை இன்னும் மோசமானது. தன் கணினியில் அணைத்து வைத்தவரின் நிரல், அணைக்காதவரின் கணினியில் வேறு விடை தந்தது. ஒரே நிரல், ஒரே தரவு, இரண்டு விடை. கடைசியில் 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பில் டிஃபால்ட்டையே மாற்றினார்கள். எழுத்து இனி எழுத்தாகவே இருக்கும். மாற்றத்துக்கு முந்தைய நிரல்கள் எத்தனையோ உடையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. நான் அதை மதிக்கிறேன். பயனர் தாமே மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது எப்போதும் தாராளம் ஆகாது, சில வேளைகளில் அது பொறுப்பைக் கைமாற்றுவது.

ஆர் மொழியில் எழுத உதவும் ஆர்ஸ்டுடியோ என்ற மென்பொருளின் செட்டிங்கிலும் இதே வகைக் கேள்வி ஒன்று இருக்கிறது. நேற்று மூடியபோது நினைவில் இருந்த பொருள்களை எல்லாம் இன்று திறக்கும்போது மீட்டுத் தரவா என்ற பெட்டி. டிக் இருந்தால் காலையில் வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் நிரலின் எந்த வரியும் உருவாக்காத ஒரு பொருள் நினைவில் இருப்பதாலேயே அந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும். வேறொருவர் கணினியில் நின்றுவிடும். ஹேட்லி விக்கமும் காரெட் குரோலமண்டும் எழுதிய ஆர் பாடநூல் இந்த டிக்கை எடுத்துவிடச் சொல்கிறது. நானும் முதல் வகுப்பிலேயே எடுக்கச் சொல்கிறேன். முதல் வாரம் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். ஒவ்வொரு நாளும் தரவைப் படிப்பதிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் ஓட்ட வேண்டியிருக்கிறது. அப்படி ஓட்டினால்தான் நிரல் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தெரியும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையில் தனிப் பக்கம் உண்டு. விண்டோஸ் கணினியில் ஆர் நெடுங்காலம் அந்தக் கணினியின் சொந்த எழுத்துக் குறியாக்கத்தை நம்பியிருந்தது. தமிழில் எழுதிய மாவட்டப் பெயரை அச்சிடச் சொன்னால் பல நேரம் எழுத்துக்குப் பதிலாக, கூர் அடைப்புக்குறிக்குள் அந்த எழுத்தின் யூனிகோட் எண் வரும். அரியலூர் என்று ஐந்து எழுத்தில் எழுதிய ஊர் ஒரு வரி நீளத்துக்கு எண்களாக நீளும். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து, புதிய விண்டோஸ் கணினிகளில் யுடிஎஃப்-8 முறையே இயல்பானதாகியது. அதன்பிறகுதான் தமிழ்ப் பெயர்கள் நிம்மதியாக உட்கார்ந்தன. அதுவரை நம் ஆய்வாளர்கள் பலர் திறந்தமுனைக் கேள்விகளுக்கு மக்கள் தமிழில் சொன்ன பதில்களை ஆங்கில எழுத்தில் பெயர்த்தெழுதியே உள்ளிட்டார்கள். ழகரமும் ளகரமும் ஒன்றாகி, நெடிலும் குறிலும் கலந்து, மக்கள் சொன்னது ஒன்று, கோப்பில் இருப்பது ஒன்று என்றானது.

குறியாக்கம் சரியானபின்னும் அகரவரிசை மிச்சம் இருக்கிறது. வரிசைப்படுத்தும் முறையையும் ஒரு செட்டிங்தான் தீர்மானிக்கிறது. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே இருக்கிறது. நம் அகராதியில் அது மெய்களின் கடைசி. பயிர்வகை என்ற மாறியில் கரும்பு, கனிகள், நெல் என்று மூன்று வகை இருக்கிறது என்று கொள்வோம். அகராதி வரிசை அறிந்த அமைப்பில் கரும்பு முதலில் வரும். எழுத்தின் எண்ணை மட்டும் பார்க்கும் அமைப்பில் கனிகள் முந்திக்கொள்ளும். ஆர் மொழியில் முதலில் நிற்கும் வகையே பின்னடைவுப் பகுப்பாய்வில் ஒப்பீட்டுக்கு அடிப்படையாகிறது. ஆகவே ஒரு கணினியில் நெல்லைக் கரும்போடு ஒப்பிட்ட கெழு கிடைக்கும், இன்னொன்றில் கனிகளோடு ஒப்பிட்ட கெழு கிடைக்கும். கணக்கு இரண்டிலும் சரி. அட்டவணையைப் பார்த்து எழுதப்படும் வாக்கியம் வேறாகிவிடும். கரும்பு விவசாயி எங்கே நிற்கிறார் என்பதைவிட அவர் யாருக்கு எதிரே நிறுத்தப்படுகிறார் என்பதையே வாசகர் முதலில் பார்ப்பார்.

மாற்ற வழியே இல்லாத செட்டிங் என்ன செய்யும் என்பதற்கு உயிரியலில் ஒரு சான்று இருக்கிறது. செப்டின் குடும்பத்து மரபணுக்களின் சுருக்கப் பெயர் செப்டம்பர் மாதத்தின் சுருக்கத்தோடு ஒத்துப்போனது. எக்செல் அவற்றைக் கண்டதும் தேதியாக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதாக மார்க் சீமனும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் காட்டினார்கள். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்தும் பெட்டி எக்செலில் 2023இல் வந்து சேர்ந்தது. ஒரு டிக் பெட்டி தாமதமானதால் உடலின் ஒரு பகுதிக்கு மனிதர்கள் வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

வசதிக்கான செட்டிங்குகளை நான் குறைத்துப் பேசுவதாக நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவருக்கு எழுத்தின் அளவு உடல்நலம் சார்ந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். ஆர் 4.0.0 தன் வண்ணத் தொகுப்பை மாற்றியபோது அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது நல்ல காரியம். ஸ்டேட்டா 2023இல் வந்த 18ஆம் பதிப்பில் வரைபடங்களின் பழைய நீலநிறப் பின்புலத்தை விட்டது. ஒவ்வொரு திரைக்கும் நின்று, தொடரவா என்று கேட்கும் பழக்கத்தை 16ஆம் பதிப்பிலேயே விட்டுவிட்டது. பட்டியலில் மாறியின் பெயரைக் காட்டவா, விளக்கத்தைக் காட்டவா என்ற எஸ்பிஎஸ்எஸ் கேள்வியும் இந்த வகைதான். நூற்றுக்கணக்கான மாறிகள் உள்ள ஆய்வில் விளக்கம் தெரிந்தால் வினாத்தாளை நினைத்தபடியே வேலை செய்யலாம். பெயர் தெரிந்தால் நிரல் எழுதும் கை வேகமாகும். நான் பெயரைத் தேர்ந்துகொள்வேன், தொடக்கநிலை மாணவர்களுக்கு விளக்கத்தைப் பரிந்துரைப்பேன்.

எஸ்பிஎஸ்எஸ்-இன் வியூவர் தாவலில் இன்னொரு பெட்டி எனக்கு நெருக்கமானது. கட்டளைகளைப் பதிவேட்டில் காட்டு என்கிறது அது. டிக் இருந்தால், மெனுவில் சொடுக்கிச் செய்த ஒவ்வொன்றும் அதன் கட்டளை வடிவில் அட்டவணைக்கு மேலே அச்சாகும். நிரல் எழுதத் தெரியாதவர், தாம் செய்தது என்ன என்பதை எழுத்தில் பார்க்கும் வாய்ப்பு அது. அட்டவணையை ஆய்வேட்டில் ஒட்டும்போது அந்த வரிகளை அழகு கருதி அழித்துவிடுகிறார்கள். அழிக்காமல் வேறொரு கோப்பிலாவது வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

செட்டிங்குகள் அனைத்தையும் மொத்தமாக அச்சிட மூன்று மென்பொருளிலும் வழியிருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ்-இல் ஷோ ஆல், ஸ்டேட்டாவில் குவெரி, ஆர் மொழியில் ஆப்ஷன்ஸ் என்ற கட்டளை. ஆர் பயனர்கள் கட்டுரையோடு இணைக்கும் செஷன்இன்ஃபோ பட்டியலில் பதிப்பு எண், இயங்குதளம், மொழிச்சூழல், தொகுப்புகள் எல்லாம் இருக்கும். இந்த ஆப்ஷன்ஸ் பட்டியல் இருக்காது. அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். என் துறையில் நான் முன்வைத்திருப்பது இவ்வளவுதான். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வினாத்தாள் இருக்கிறது, ஒப்புதல் படிவம் இருக்கிறது; அவற்றுக்குப் பின் இந்தப் பட்டியலும் இருக்கட்டும். கணக்கை மாற்றும் செட்டிங்குகள் நிரலின் தலையிலேயே கட்டளையாக எழுதப்பட்டிருக்கட்டும், கணினி மாறினாலும் அவை கூடவே வரும். பட்டியல் நீளமாகும், பாதி வரிகள் எழுத்துருவையும் வண்ணத்தையும் பற்றித்தானே இருக்கும், அவற்றை நீக்கிவிடலாமா என்று குழுவில் கேட்டார்கள். நீக்க வேண்டாம் என்றேன். பல்கலைக்கழக விதியில் அதற்கு இடமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.